அளவு நாடாவுடன் காஞ்சனபுரிக்கு

காஞ்சனபுரிக்குப் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். பாலத்தில் நடந்து, நான்கு படம் எடுத்து, இளநீர் குடித்துவிட்டு மாலைக்குள் பேங்காக் திரும்பிவிடலாம். நான் போனது பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பழைய நீராவி எஞ்சினுக்காக. பையில் மாற்றுடையைவிட முக்கியமாக ஓர் அளவு நாடா, கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம், பென்சில், கைவிளக்கு. அதே எஞ்சின் கிள்ளானில் என் வீட்டு மாடியிலும் ஒன்று ஓடுகிறது. அதன் நீளம் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு.

என் மனைவி இதை 'ரயில் வளர்ப்பது' என்பாள். பூனை வளர்ப்பதுபோல நேரத்துக்குத் தீனி, குளிப்பாட்டல், மருந்து எல்லாம் இதற்கும் உண்டு. மாடி அறையில் ஆறடிக்கு மூன்றடிப் பலகை. அதன்மேல் 9 மில்லிமீட்டர் அகலத்தில் தண்டவாளம். இந்த அகலத்தை உலகம் முழுவதும் 'என்' அளவு என்கிறார்கள். ஜப்பானிய ரயில்களை இந்த அளவில் 150-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வது வழக்கம். டோக்கியோவில் அலுவலக வேலை முடிந்த ஒரு மாலையில் அகிஹபாராவின் பழைய பொருள் கடை ஒன்றில் இந்த எஞ்சினை வாங்கினேன். பெட்டியில் 'சி56' என்று போட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும்தான் கடையிலேயே சற்று நேரம் நின்றுவிட்டேன்.

சி56, ஜப்பான் ரயில்வே 1935 முதல் 1939 வரை 160 எண்ணிக்கையில் கட்டிய சிறிய எஞ்சின். கிராமத்துக் கிளைப் பாதைகளுக்கென்று செய்யப்பட்டது. எடை குறைவு என்பதால் இலேசான தண்டவாளத்திலும் ஓடும். முன்னே இரண்டு சிறு சக்கரம், அதன்பின் இயக்கு சக்கரம் ஆறு. பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் ஏந்தி வரும் டெண்டரின் பக்கங்களை மேலே குறுக்கி வைத்திருப்பார்கள். கிளைப் பாதைகளின் முடிவில் எஞ்சினைத் திருப்பும் மேடை இருக்காது. பின்னோக்கியே ஓட்டி வரவேண்டும். அப்போது டிரைவருக்குப் பாதை தெரியவே இந்தக் குறுக்கல். போர் வந்தபோது இந்த இலேசான உடம்பே இதற்கு வினையாயிற்று. 1 முதல் 90 வரை எண்ணிட்ட எஞ்சின்களை 1941-இலிருந்து ராணுவம் எடுத்துக்கொண்டது. ஜப்பானின் தண்டவாள அகலம் 1,067 மி.மீ. சயாமிலும் பர்மாவிலும் நம் மலாயாவிலும் 1,000 மி.மீ. சக்கரங்களை 67 மி.மீ. உள்ளே தள்ளிப் பொருத்தி, கப்பலேற்றித் தெற்கே அனுப்பினார்கள். சயாம் மரண ரயில் பாதையில் ஓடியவை இவைதாம்.

என் தாத்தா அந்தப் பாதைக்குப் போனவர். 1943-இல் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவரைக் கூட்டிப்போனார்கள். திரும்பவில்லை. அப்போது என் அப்பாவுக்கு இரண்டு வயது, அத்தைக்கு எட்டு. இதுபோன்ற கதை இல்லாத தோட்டத்துக் குடும்பம் நம்மிடையே குறைவு என்பதால் இதை நீட்டப்போவதில்லை. ஆனால் அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் நின்றேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

வாங்கி வந்த எஞ்சின் ஓடவில்லை. பழையதாக வாங்கும் ஐந்தில் மூன்று அப்படித்தான் இருக்கும், அதற்காகப் பயப்படத் தேவையில்லை. இந்தச் சிறு எஞ்சின்களுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வருகிறது. அதிகபட்சம் 12 வோல்ட். தண்டவாளத்திலிருந்து சக்கரம், சக்கரத்திலிருந்து மெல்லிய செம்புத் தகடு, தகட்டிலிருந்து மோட்டார். இந்த வழியில் எங்காவது தூசி, எண்ணெய்ப் பசை, களிம்பு இருந்தால் எஞ்சின் இருமும், நிற்கும், விரலால் தட்டினால் மறுபடி ஓடும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு இது வாரம் தவறாத வேலை. வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறவர்களாக இருந்தால் இன்னும் மோசம். அந்தப் புகையின் பசை மெல்லியதாகத் தண்டவாளத்தில் படிந்துவிடும். எங்கள் வீட்டில் சாம்பிராணிதான் வென்றது. வெள்ளி இரவு ரயில் அறையின் கதவடியில் துண்டை மடித்து வைப்பது வழக்கமாகிவிட்டது.

சக்கரம் துடைக்க எளிய வழி ஒன்று உண்டு. சமையலறைத் தாளைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை அதில் நனையவிட்டு, எஞ்சினின் பாதி தாளின்மேலும் பாதி வெறும் தண்டவாளத்திலுமாக இருக்கும்படி பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். சக்கரங்கள் சுற்றிச் சுற்றித் தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும். தாளில் இரண்டு கறுப்புக் கோடு விழும். கோடு வெளுக்கும்வரை தாளை நகர்த்தி நகர்த்திச் செய்யவேண்டும். மணல்தாள் மட்டும் வேண்டாம். அது போடும் கீறலில்தான் அடுத்த வாரத்து அழுக்கு குடியேறும்.

எண்ணெய் விஷயத்தில் கைச்சுருக்கம் வேண்டும். பிளாஸ்டிக்கை அரிக்காத எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, அச்சு முனைகளிலும் பல்சக்கரத்திலும் வைத்தால் போதும். மிஞ்சியது சக்கரத்துக்கு வந்து, அங்கிருந்து பாதை முழுவதும் பரவும். பின் இயக்கு சக்கரத்தில் பிடிமானத்துக்காக மயிரிழை போன்ற ரப்பர் வளையம் ஒன்று மாட்டியிருப்பார்கள். நம் வெப்பத்தில் அது சில ஆண்டுகளில் இறுகி வெடிக்கும். மாற்று வளையம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு: இயக்கு சக்கரங்களை அச்சிலிருந்து பிடுங்கக் கூடாது. நீராவி எஞ்சினின் இடப்பக்கத் தண்டும் வலப்பக்கத் தண்டும் ஒரே நேரத்தில் மேலே போவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கால் சுற்று முன்பின்னாக, அதாவது 90 பாகை இடைவெளியில் வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்துப் பிஸ்டன் ஓட்டத்தின் கடைசிக்குப் போய்த் தள்ள வலுவில்லாமல் நிற்கும்போது, மறுபக்கத்துப் பிஸ்டன் நடு ஓட்டத்தில் முழு வலுவோடு தள்ளும். அதனால்தான் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் மறுபடி புறப்பட முடிகிறது. என் சிறு எஞ்சினில் தள்ளுவது மோட்டார்தான், தண்டுகள் சும்மா கூட வருகின்றன. ஆனாலும் அந்தக் கால் சுற்று துளி பிசகினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை நொண்டும்.

நொண்டாமல் மிக மெதுவாக ஓடவேண்டும் என்பதில் எனக்குத் தனிப் பிடிவாதம். மலைச்சரிவில் உண்மை ரயில் மணிக்குப் பத்துக் கிலோமீட்டரில் ஊர்கிறது என்றால், 150-இல் ஒரு பங்கில் அது விநாடிக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. என் ஆறடிப் பலகையைக் கடக்க ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாகும். 'அப்பா, ஆமை' என்று என் மகன் போய்விடுகிறான். சக்கரம் எவ்வளவு சுத்தம் என்பதைக் காட்டிக்கொடுப்பது வேகமல்ல, இந்த ஆமை ஓட்டம்தான்.

ஓடத் தொடங்கியபின் அதன் உருவம் உறுத்தியது. கடையில் கிடைப்பது போருக்குப்பின் ஜப்பானிய மலைப்பாதையில் ஓடிய தோற்றம். கொதிகலனின் இருபக்கமும் புகையை மேலே தள்ளும் தகடுகள், டெண்டரில் நிலக்கரி. தெற்கே வந்தவை அப்படியில்லை. விறகில் ஓடின, முகப்பில் மாட்டைத் தள்ளும் கம்பிச் சட்டம் இருந்தது. படங்களைப் பார்த்துச் செய்யலாம்தான். ஆனால் படத்தில் ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் தெரியாது. அதனால்தான் பயணம்.

விமானத்தில் போயிருக்கலாம். ரயிலுக்காகப் போகிறவன் ரயிலில் போகாவிட்டால் எப்படி? கோலாலம்பூரிலிருந்து ஈடிஎஸ் பிடித்துப் பாடாங் பெசார். அங்கே ஒரே கட்டடத்தில் இரு நாட்டுக் குடிநுழைவையும் முடித்துக்கொண்டு தாய்லாந்து இரவு ரயில். கீழ்ப் படுக்கைக்கு முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். சன்னல் அதற்குத்தான் சொந்தம். நம் கேடிஎம் பாதையும் இந்தப் பாதையும் ஒரே மீட்டர் அகலம் என்பது இரவில் படுத்திருக்கும்போது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அகலம் ஒன்றாக இருந்ததால்தான் 1943-இல் ஈப்போவில் ஏற்றிய ஆட்களை வண்டி மாற்றாமல் பான் போங் வரை கொண்டுபோக முடிந்தது. என் படுக்கையில் வெள்ளை விரிப்பும் போர்வையும் இருந்தன.

காஞ்சனபுரி ரயில் பேங்காக்கின் பெரிய நிலையத்திலிருந்து புறப்படாது. ஆற்றுக்கு மேற்கே தோன்புரி நிலையத்திலிருந்துதான் போகும். பக்கத்திலேயே எஞ்சின் பணிமனை. ஓடும் நிலையில் வைத்திருக்கும் நீராவி எஞ்சின்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் 713, 715 இரண்டும் சி56. வாயிலில் கேட்டதற்குத் தலையசைத்து உள்ளே விட்டார்கள். எண்ணெய்த் துணியோடு நின்ற முதிய ஊழியர் ஒருவரிடம் என் கைப்பேசியில் வீட்டு எஞ்சினின் படத்தைக் காட்டினேன். அவருக்கும் எனக்கும் பொதுமொழி இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சக்கரத் தண்டைத் தொட்டுக் காட்டி, கையால் கால் சுற்றுச் சுற்றிக் காட்டினார். 'சரியாக இருக்கிறது' என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ரயில் பராமரிப்பில் பாராட்டு இதற்குமேல் கிடைக்காது.

வெளிநாட்டவருக்குக் காஞ்சனபுரிப் பாதையில் சீட்டு 100 பாட். மூன்றாம் வகுப்பு, மர இருக்கை, திறந்த சன்னல். நோங் பிளாதுக் சந்திப்பில் முதன்மைப் பாதையை விட்டு மேற்கே திரும்பும் இடம்தான் அந்தப் பழைய பாதையின் தொடக்கம். பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் இருந்தது. இப்போது நாம் தோக் வரை ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான் ஓடுகிறது.

பாலத்து நிலையத்தில் இறங்கியதும் எல்லாரும் ஆற்றுப்பக்கம் போனார்கள், நான் எஞ்சின் பக்கம் போனேன். போருக்குப்பின் தாய்லாந்து ரயில்வே தன்னிடம் தங்கிய 46 சி56 எஞ்சின்களுக்கு 701 முதல் 746 வரை எண் கொடுத்தது. அந்த வரிசையில் ஒன்றுதான் இங்கே நிற்பது. திறந்தவெளியில் நிற்பதால் தொட்டுப் பார்க்கலாம், அளக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த இடைவெளிகளில் நான் நாடாவைப் பிடித்து அளந்தேன். முகப்புச் சட்டத்தின் கம்பிகளுக்கு இடையே எவ்வளவு, டெண்டரின் விளிம்பு எங்கே குறுகுகிறது, தீப்பெட்டிக் கதவு எவ்வளவு அகலம். இயக்கு சக்கரம் 1,400 மி.மீ. விட்டம், என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. வீட்டில் அது 9.3 மி.மீ., ஐந்து காசு நாணயத்தில் ஏறக்குறையப் பாதி. மதியம் இரண்டு மணிக்கு இரும்பு கையைச் சுட்டது. தீப்பெட்டியின் வாய்க்கு முன்னால் நின்றபோது ஒன்று தோன்றியது. நிலக்கரியில் ஓடாததால் இதற்கு விறகு வெட்டவேண்டும். விறகை வெட்டியும் சுமந்தும் பாதையோரம் அடுக்கியும் வைக்க ஆள் வேண்டும். பாதை போட்டு முடிந்தபிறகும் ஆள் தேவை தீரவில்லை என்பதை எந்தப் படமும் எனக்குச் சொன்னதில்லை.

பாலத்தைப் பற்றிக் கொஞ்சம். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றி வந்தவை. நடுவில் கோணமாக இருக்கும் இரண்டு சட்டங்கள் குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப்பின் வைத்தவை. இந்தக் கழற்றல் நம் ஊரிலும் நடந்தது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஓடிய கிளைப் பாதையைப் பெயர்த்தார்கள், கிழக்குக்கரைப் பாதையில் பெரும்பகுதியைப் பெயர்த்தார்கள். மலாக்கா நகரத்துக்கு இன்றைக்கும் ரயில் இல்லாததற்கு அதுதான் தொடக்கம். அடுத்த முறை மலாக்காவுக்கு நெரிசலில் கார் ஓட்டும்போது நினைத்துப் பாருங்கள்.

நகரில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய ஏழாயிரம் பேர், ஒவ்வொருவருக்கும் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறித்த தகடு. புல்லை அளந்து வெட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பாதையில் இறந்த போர்க்கைதிகள் 12,000 பேருக்குச் சற்று மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு, 90,000 வரை என்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள், அதில் பெரும்பான்மை தோட்டத் தமிழர். அவர்களுக்குத் தகடு வைக்கப் பெயர்ப்பட்டியல் கிடையாது. படைவீரனுக்குப் பதிவேடு இருந்தது, சஞ்சிக்கூலியின் பிள்ளைக்கு இல்லை. தாவோர்ன் வராராம் என்ற புத்த ஆலயத்தின் வளாகத்தில் நம்மவர்களுக்காக அண்மை ஆண்டுகளில் ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கேயும் போய்வாருங்கள். தூரமில்லை. நான் போனபோது யாரோ வைத்த செவ்வந்தி வாடாமல் இருந்தது.

மறுநாள் காலை ரயிலில் தாம் கிராசே. இந்தப் பாதையில் என் கண்ணுக்கு மிக அழகான இடமும் மிகக் கொடுமையான இடமும் இதுதான். ஒருபக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கீழே குவாய் நோய் ஆறு. நடுவில் மரத்தூண்கள்மேல் வளைந்து போகும் பாதை. வாங் போ மரப்பாலம் என்பார்கள். ரயில் அங்கே நடை வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. தூண்கள் முனகுவது கேட்கிறது. சன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் பாறையைத் தொடலாம். பாறையில் உளி பதிந்த வரிகள் தெரிகின்றன. இறங்கிப் பாதையோரமாகவே திரும்பி நடந்தேன். தூணுக்குத் தூண் இடைவெளி, குறுக்குச் சட்டம் சாயும் கோணம், காலடியில் சிமெண்டு எங்கே, மரம் எங்கே என்று மூன்று பக்கம் நிறைய எழுதினேன். சுற்றுப்பயணிகள் என்னைப் பொறியாளர் என்று நினைத்திருக்கவேண்டும். ஓர் ஐரோப்பியப் பெண் பாலம் பத்திரமா என்று கேட்டார்.

வீடு திரும்பியபின் ஆறு மாதம் வேலை. முதலில் எஞ்சின். புகைத் தகடுகளைச் சிறு வெட்டுக்கொறடால் எடுத்து, ஓட்டைகளைப் பசைமண்ணால் அடைத்து, மெல்லிய தாளால் தேய்த்தேன். முகப்புச் சட்டத்துக்குப் பித்தளைக் கம்பி. ஒவ்வொரு கம்பியையும் பற்றவைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளவேண்டும். டெண்டரில் நிலக்கரியை எடுத்துவிட்டு விறகு. இதற்கு எதை வைப்பது என்று நிறையப் பார்த்தேன். விளக்குமாற்று ஈர்க்கு வழவழப்பாக இருக்கிறது, பட்டை இல்லை. காய்ந்த துளசிக் காம்பு கச்சிதம். பட்டை, கணு, வெட்டு முகம் எல்லாம் விறகைப் போலவே இருக்கும். இரண்டடி விறகு 150-இல் ஒரு பங்கில் 4 மி.மீ. பூசையறைத் துளசிக்கு என்ன ஆயிற்று என்று வீட்டில் விசாரணை நடந்தது வேறு விஷயம். கடைசியாக மங்கல் வார்னிஷ் அடித்து, சாக்பீஸ் பொடியில் கறுப்பும் பழுப்பும் சாம்பலும் கலந்து மெல்லிய தூரிகையால் தேய்த்தேன். புத்தம்புதுப் பொம்மையின் பளபளப்பு போய், உழைத்த இரும்பின் நிறம் வரும். தண்டுகளில் மட்டும் பொடி படக்கூடாது, சிக்கிக்கொள்ளும்.

மரப்பாலத்துக்குச் சாத்தே குச்சி. சிரிக்காதீர்கள். நல்ல சாத்தே குச்சி இரண்டரை மி.மீ. கனம். 150 மடங்கு பெருக்கினால் 37 சென்டிமீட்டர் தூண், சரியாகப் பொருந்துகிறது. மூங்கில் என்பதால் ஈரத்துக்கு முறுக்கிக்கொள்ளவும் இல்லை. உண்மைப் பாலத்தை முந்நூறு மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் என் அளவில் இரண்டு மீட்டர் வரும். பலகையே அவ்வளவு இல்லை. ஆகவே வளைவின் ஒரு துண்டை மட்டும் கட்டினேன். பாறைக்குத் தகரடப்பா மூடியில் கரைத்த பிளாஸ்டர், உளி வரிகளுக்குக் குண்டூசி. உண்மைக்குப் பொருந்தாதது ஒன்று உண்டு, தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள்: மீட்டர் பாதை என் அளவில் 6.67 மி.மீ.தான் இருக்கவேண்டும், என்னுடையது 9. அதற்குச் சக்கரம், சட்டம், பாதை எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

இப்படி ஒரு பாதையை வீட்டில் பொம்மையாக ஓட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜப்பானில் ஓயிகாவா ரயில்வே என்ற தனியார் பாதையில் சி56 எண் 44 ஓடியது. தாய்லாந்திலிருந்து 1979-இல் திரும்பி வந்தது அது. 2015-இல் அதற்குச் சிவப்புச் சாயம் பூசி, முகத்தில் கண்ணும் மூக்கும் வைத்து, தாமஸ் கதையில் வரும் ஜேம்ஸ் ஆக்கிவிட்டார்கள். குழந்தைகள் கையசைத்தார்கள். அதே ஆண்டு திரும்பிய எண் 31, டோக்கியோவின் யாசுகுனி ஆலய அருங்காட்சியகத்து முன்கூடத்தில் போர் விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒன்று விளையாட்டானது, ஒன்று பெருமையானது. இரண்டையும்விட அளவு நாடாவோடு போவது மேல் என்பது என் எண்ணம். நண்பர் முழுதாக ஒப்பவில்லை.

ஆனால் ஒன்றில் நானும் தயங்கியிருந்தேன். பாலத்தில் மனித உருவங்களை வைக்கவில்லை. பட்டினியும் காலராவுமாகச் செத்தவர்களைப் பிளாஸ்டிக்கில் ஒட்டி வைப்பது மரியாதையல்ல என்று பட்டது. எஞ்சின், பாலம், பாறை, ஆறு, அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறைக்கு அத்தை வந்திருந்தார். தொண்ணூறு நெருங்குகிறது, மாடியேற இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கவேண்டும். இது எந்த ரயில் என்று நான் முன்பே சொல்லியிருக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, மெதுவாகச் சொன்னேன். எஞ்சினை ஆமை வேகத்தில் விட்டேன். பாறையைச் சுற்றி வந்து பாலத்தில் ஏறும்வரை அவர் பேசவில்லை.

"எங்கப்பாவ ஏத்துன வண்டிக்கு சன்னலே இல்ல. சாமான் வண்டி. மூணு மாசம், நாளைக்கு ஒரு வெள்ளின்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனான்" என்றார். பிறகு, "இது எவ்ளோ பாரம் இழுக்கும்?" என்று கேட்டார்.

சொன்னேன். கேட்டுக்கொண்டார். எஞ்சின் இரண்டாவது சுற்று வந்தது.

"ஏன்டா தம்பி, ஆளே இல்லியே?"

"வேணாம்னு விட்டுட்டேன் அத்தை. அவங்களப் போயி பொம்மையா..."

"ஆளு இல்லாம பாலம் எப்படி வந்துச்சு? தானா மொளைச்சிச்சா?" அவர் குரலில் கோபம் இல்லை. கணக்கில் விட்டுப்போனதைக் காட்டும் கிராணியின் குரல். "சாவுறதுக்கா போனாங்க? வேலைக்குப் போனவங்க. இந்த மரத்தையெல்லாம் தூக்கி நிறுத்தியிருக்காங்கல்ல. அத வையி."

அந்த மாதமே தொடங்கினேன். இந்த அளவில் விற்கும் மனித உருவங்களெல்லாம் ஜப்பானிய ரயில் நிலையத்துப் பயணிகள். கோட்டு, கைப்பெட்டி, குடை. கைப்பெட்டியைக் கத்தி முனையால் வெட்டி எடுத்து, கோட்டைச் சுரண்டி, கைகளைச் சூடான ஊசியால் வளைத்துத் தோளுக்கு மேலே தூக்கவைக்கவேண்டும். நான்கு பேர் கையைத் தூக்கினால் நடுவில் ஒரு சாத்தே குச்சித் தூண் நிற்கும். தலையில் முண்டாசுக்கு ஒரு சொட்டு வெள்ளைப் பசை, இடுப்பில் மங்கிய வெள்ளைச் சாயம், மேலே ஒன்றும் இல்லை. ஒரு மாலையில் இரண்டு பேரைத்தான் முடிக்க முடிகிறது. அதற்குமேல் கண் தாங்குவதில்லை. இதுவரை பதினான்கு பேர்.

உருவங்கள் எல்லாம் ஒரே உயரம், 11 மி.மீ. உங்கள் தாத்தா நெட்டை என்று அத்தை தொலைபேசியில் சொன்னார். கதவு நிலையில் குனிந்துதான் வருவாராம். லயத்துக் கதவு எவ்வளவு உயரம் என்று கேட்டேன். ஐந்தடி பதினோரு அங்குலம் இருப்பார் என்று இருவருமாகக் கணக்குப் போட்டோம். 150-இல் ஒரு பங்கில் அது 12 மி.மீ.